சித்தப்பாவின் சுண்டுவிரல்

எங்களுக்கு ஒரு சித்தப்பா உண்டு. உங்கள் வீட்டிலும் இருப்பார், உறவுமுறைதான் மாறும். எதை வாங்கி வந்தாலும், "எவ்வளவு இருக்கும், சொல்லு பார்ப்போம்!" என்பார். குறைத்துச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

2011 அக்டோபர் 5ஆம் தேதி, மத்திய அமைச்சர் கபில் சிபல் டெல்லியில் மாணவர்களுக்கான மலிவு விலை ஆகாஷ் டேப்லெட்டை அறிமுகப்படுத்தினார். அரசாங்கம் வாங்கும் விலை 2,276 ரூபாய். மாணவர்களுக்கு மானியம் போக இன்னும் குறைவு. பேப்பரில் படித்த சித்தப்பா, ஐம்பது வயதில் மாணவனாக இல்லாமல் போனோமே என்று முதன்முறையாக வருந்தினார். அடுத்த வருஷமே சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், ஊர் பேர் தெரியாத ஏழு இன்ச் டேப்லெட் ஒன்றை 3,200 ரூபாய்க்குப் பேசி முடித்தார். உறை இலவசம்.

"எவ்வளவு இருக்கும்?"

"பத்தாயிரம்?" என்றேன். முகம் மலர்ந்தது.

திரையைத் தொட்டார். அசையவில்லை. அழுத்தினார். யோசித்தது. மாவு பிசைவது போல் ஒரு அழுத்து அழுத்தியதும் கால்குலேட்டர் திறந்தது. அவர் கேட்டது கேமரா.

அது ரெசிஸ்டிவ் திரை. மேலே மெல்லிய பிளாஸ்டிக், கீழே கண்ணாடி, நடுவில் மயிரிழை இடைவெளி. மேலே இருப்பது அமுங்கிக் கீழே பட்டால்தான் அதற்குச் சொரணை. விலை கூடிய கெப்பாசிட்டிவ் திரை, விரல் பட்டாலே புரிந்துகொள்ளும்.

"அதை க்ளவுஸ் போட்டுக்கிட்டுத் தொட முடியுமாடா? இதை முடியும்!" என்றார். மே மாதத்துச் சைதாப்பேட்டையில் க்ளவுஸ் போடுகிறவர் யார் என்று நான் கேட்கவில்லை.

விரலைவிட நகத்துக்கு அது நன்றாக வேலை செய்கிறது என்று மூன்றாம் நாள் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து வலது சுண்டுவிரலில் நகம் வளர்த்தார். "அந்தக் கையாலதான் சாதம் பிசையறார்ப்பா" என்று சித்தி என்னிடம் முறையிட்டாள். சார்ஜர் பின் ஆடியது. அதற்கு ரப்பர் பேண்ட், அடியில் முட்டுக்கொடுக்கத் தீப்பெட்டி. சார்ஜ் ஏறும்போது அந்த அறையில் யாரும் ஃபேன்கூடப் போடக் கூடாது.

ஆறு மாதத்தில் பேட்டரி உப்பி, டேப்லெட் பரணுக்குப் போனது. நகம் மட்டும் மிஞ்சியது. அப்போதெல்லாம் ரீசார்ஜ் கார்டு சுரண்டத் தெருவே அவரிடம்தான் வந்தது.

நேற்று ஒரு புளூடூத் ஸ்பீக்கரோடு வந்திருக்கிறாராம். உங்கள் ஊர்ப் பக்கம் வந்து விலை கேட்டால், தயவுசெய்து கூட்டியே சொல்லுங்கள். அவர் காசு கொடுத்து வாங்குவது அந்தப் பதிலைத்தான்.