ஐயர் வரும்வரை

எங்கள் சின்ன வயதில் ஆரணிப் பக்கத்துக் கிராமச் சபைகளில் கல்யாணத் தேதியை முடிவு செய்தது ஐயருடைய டைரிதான். ஐயர் என்றால் எங்கள் சி.எஸ்.ஐ. வழக்கில் குருவானவர். பிரசங்கம், வேதபாடம், அடக்க ஆராதனை எல்லாம் உள்ளூர் உபதேசியார் பார்த்துக்கொள்வார். கல்யாணம் என்றால் மட்டும் ஒதுங்கி நிற்பார்.

சித்தி கல்யாணத்தன்று மழையில் பஸ் வரவில்லை. அரக்கு நிற ஆரணிப் பட்டில், ஜரிகை தோளை உறுத்த, சித்தி மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தாள். ஐயர் ரெஜிஸ்டரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி வந்து சேர்ந்தார். தான் நனைந்தாலும் அதை நனையவிடவில்லை.

1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தைப் பிற்பாடு படித்தேன். பேராயர் கையால் குருப்பட்டம் பெற்றவர், அரசு உரிமம் பெற்ற போதகர், திருமணப் பதிவாளர் ஆகியோரோடு, இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் திருமணச் சான்று வழங்க உரிமம் பெற்ற கிறிஸ்தவரும் கல்யாணம் நடத்தலாம் என்று அதில் உண்டு. அவர் குருவாக இருக்க வேண்டியதில்லை. எங்கள் உபதேசியாருக்கு அந்த உரிமத்தை வாங்கித் தர யாருக்கும் தோன்றவில்லையே என்று இன்றும் மனம் ஆறவில்லை.

கல்யாணத்தில் குருவுக்கு என்ன இடம் என்பது மரபுக்கு மரபு வேறு. கத்தோலிக்க இலத்தீன் மரபில் மணமக்களே ஒருவருக்கொருவர் திருமண அருட்சாதனத்தை வழங்குகிறார்கள். குருவோ சபையின் சாட்சி. ரகசியக் கல்யாணங்களை ஒழிக்கத்தான் 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம் பங்குக் குருவையும் சாட்சிகளையும் கட்டாயமாக்கியது. சீர்திருத்தவாதி லூத்தரோ கல்யாணத்தை உலகக் காரியம் என்றார். தமிழ்நாட்டு இந்துக்களுக்கு 1967-இல் அண்ணா ஆட்சி புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியது. எங்களுக்கோ குரு இல்லாவிட்டால் உரிமம் பெற்றவரோ பதிவாளரோ வேண்டும்.

இப்போது கூப்பிட்ட நேரத்துக்குப் பாஸ்டர் வந்துவிடுகிறார். பட்டு வியாபாரி ஒருவரின் மகள் கல்யாணத்துக்கு அப்படி வந்தவர் உருக்கமாக ஜெபித்துத் தாலி எடுத்துக் கொடுத்தார். லெட்டர்பேடில் சான்றும் எழுதினார். பாஸ்போர்ட்டுக்குப் போனபோதுதான் அவரிடம் உரிமமே இல்லை என்று தெரிந்தது. உரிமமில்லாமல் கல்யாணம் நடத்தினால் பத்தாண்டுவரை சிறை என்கிறது சட்டம். ஆனால் கைக்குழந்தையோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்தது அந்தப் பெண்தான். கடைசியில் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில், 30 நாள் நோட்டீஸுக்குப் பிறகு பதிந்தார்கள்.

அந்தப் பாஸ்டர் இன்னும் கல்யாணம் நடத்துகிறார். தேவ ஊழியரிடம் உரிமம் கேட்க ஊருக்குக் கூச்சம். பத்திரிகை கொடுக்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான்.