விரயம் என்று நான் எழுதியது

பக்கத்தில் இருப்பவரோடு பேசாமல் தைத்தால் பீஸ் கூடும் என்று நம்பி, அந்த நம்பிக்கைக்கு மாதச் சம்பளமும் வாங்கியவன் நான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், மற்றவர்கள் செய்யும் வேலையை அளப்பதுதான் என் வேலை. கையில் ஸ்டாப்வாட்ச், கிளிப் வைத்த அட்டை. தைக்கத் தெரியுமா என்று நேர்காணலில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தப் பத்தியே வந்திருக்காது.

தையல் மெஷின்கள் வரிசையாக நிற்கும் பவர் டேபிளில் டைலருக்குத் துணையாகக் கைமடி உட்கார்ந்திருப்பார். துணியை மடித்துக் கொடுப்பார், தைத்ததை வாங்கி அடுக்குவார், பிசிறு வெட்டுவார். (ஒரு காலத்தில் சின்னப் பிள்ளைகளை இந்த இடத்தில் உட்காரவைத்த ஊர் இது, அதை யாரும் போற்ற வேண்டியதில்லை. நான் சொல்வது பெரியவர்களை.) டைலர் டீக்கு எழுந்தால் கைமடி மெஷினில் உட்கார்ந்து வெட்டுத்துணியை ஓட்டிப் பார்ப்பார். நூல் அறுந்துபோகும். டைலர் வந்து திட்டிக்கொண்டே கோத்துக் கொடுப்பார். இந்த நிமிடங்களுக்கெல்லாம் என் அட்டையில் ஒரே பெயர்தான்: விரயம்.

யோசிப்பது ஆபீசில், செய்வது தளத்தில் என்று 1911இல் பிரெடரிக் டெய்லர் புத்தகம் போட்டுப் பிரித்துவைத்தார். அவருக்காவது இரும்பாலையில் வேலை பார்த்த அனுபவம் இருந்தது. எனக்கு எக்செல் இருந்தது. கைமடிகளை எல்லாம் எழுப்பி, ஸ்டோர் பக்கம் நீள மேசை போட்டு, பிசிறு வெட்டும் தனிப் பிரிவு ஆக்கினேன். தளம் அமைதியானது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, “கோயில் மாதிரி இருக்குதுங்க” என்றார். நான் கூச்சமே இல்லாமல் சிரித்தேன்.

தீபாவளிக்கு ஊருக்குப் போன டைலர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. வழக்கமாக அந்த இடங்களில் கைமடிகள் ஏறிவிடுவார்களாம். என் பிசிறுப் பிரிவில் இருந்தவர்களுக்கோ மெஷின் பழக்கமே விட்டுப்போயிருந்தது. சரி, கற்பித்துவிடுவோம் என்று புரொஜெக்டர் வைத்து வகுப்பு எடுத்தேன். ஓவர்லாக் ஊசியைப் பெரிதாகத் திரையில் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் ஒரு அக்கா, “சார், ஊசி திரும்பி நிக்குதுங்க, இப்படிப் போட்டா தையல் விட்டு விட்டுத்தான் விழும்” என்றார். அன்று வகுப்பில் யாராவது கற்றிருந்தால் அது நான்தான்.

ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991இல் எழுதிய புத்தகத்தைப் பிறகுதான் படித்தேன், நோய் முற்றியபின் மருந்துச்சீட்டைப் படிப்பதுபோல. அதில், அமெரிக்க சூப்பர் மார்க்கெட் ஒன்றில் இறைச்சி வெட்டப் பழக வந்தவர்களைப் பொட்டலம் கட்டும் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். கைதேர்ந்தவர்கள் வெட்டுவதை அங்கிருந்து பார்க்கவே முடியாது. லைபீரியாவில் தையல் கற்பவர்களோ பட்டன் வைப்பது, ஓரம் மடிப்பது என்று முடிந்த உடையிலிருந்து தொடங்கி, வெட்டுவதைக் கடைசியில்தான் கற்கிறார்கள். பிசிறு வெட்டிய கைமடிக்கும் எந்தத் தையல் எங்கே வழுக்கும் என்று முன்பே தெரிந்திருக்கும். நான் பிசிறை மட்டும் விட்டுவைத்து, தையலைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டேன்.

இருந்தாலும் புத்தகத்தில் இல்லாத ஒன்று லைனில் இருந்தது. எங்களிடம் பீஸ் ரேட். சொல்லிக்கொடுக்க நின்றால் டைலருக்குக் காசு போகும். கைமடி மடித்துக் கொடுத்ததால் டைலருக்குக் கூடுதல் பீஸ் ஓடியது. அந்தக் கூடுதல்தான் கற்றுக்கொடுப்பதற்கான கூலி. யாரும் அதை எங்கும் எழுதிவைக்கவில்லை. எழுதாததை நான் அளக்கவும் இல்லை.

இதற்குப் பின்னாவது திருந்தினேனா என்றால், இல்லை. கைமடிகளைத் திரும்ப லைனில் உட்காரவைத்த சில மாதங்களில் ஒரு லைனில் பீஸ் நன்றாகக் கூடியது. யார் எங்கே உட்கார வேண்டும் என்று நான் போட்ட புது வரைபடத்தின் வெற்றி என்று அறிக்கை கொடுத்துப் பாராட்டும் வாங்கிக்கொண்டேன். விஷயம் வேறு. ஓவர்லாக் ஓட்டும் அண்ணனும் பேட்லாக் ஓட்டும் அக்காவும் ஒருவர் வேலையை ஒருவர் பழகிக்கொண்டு, பண்டில் எங்கே தேங்குகிறதோ அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார்கள். சுவரில் ஒட்டிய வரைபடத்தில் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள். நான் சுவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

தெரிந்ததும் சும்மா இருந்திருக்கலாம். எல்லா லைனுக்கும் சுழற்சி அட்டவணை போட்டேன், வாரம் ஒரு நாள் இடமாற்றம் என்று. ஒரே வாரத்தில் படுத்துவிட்டது. இரண்டு மெஷினுக்கும் ரேட் வேறு. அந்த இருவரும் சனிக்கிழமை சம்பளத்தில் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொண்டார்கள். என் அட்டவணையில் அதற்குக் கட்டமே இல்லை. “சார் சொல்லாம இருந்தா நாங்களே செஞ்சுக்குவோமுங்க” என்றார் அக்கா, மரியாதை குறையாமல்.

இப்போது பழகும் நேரத்தை விரயம் என்று எழுதுவதில்லை. கற்றல் என்று எழுதினால் ஆபீசில் பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள். அதனால் ‘மெஷின் சுத்தம் செய்தல்’ என்று போடுகிறேன். போன மாத அறிக்கையைப் பார்த்த முதலாளி, மெஷின் அவ்வளவு அழுக்காகிறதா என்று கேட்டு, மெக்கானிக்கை அனுப்பிவைத்தார்.