‘போக்குவரத்து ஸ்தம்பித்தது’: ஒரு வினைமுற்றின் பொருளும் வழக்கும்

தமிழ் நாளிதழ்களில் பருவம் பார்க்காமல் விளையும் வினைமுற்றுகள் சிலவே. ‘தெரிவித்தார்’, ‘வலியுறுத்தினார்’ என்ற இரண்டுக்கும் அடுத்தபடியாக, மழைக்கும் வெயிலுக்கும் மாநாட்டுக்கும் முகூர்த்த நாளுக்கும் பொதுவாக வருவது ‘ஸ்தம்பித்தது’. இவ்வளவு உழைக்கும் ஒரு சொல்லைக் கேட்பாரற்றுக் கிடக்க விடுவது முறையன்று என்பதால் இக்கட்டுரை எழுந்தது.

முதலில் சொற்பிறப்பு. ஸ்தம்பம் என்றால் வடமொழியில் தூண். கோயில் கொடிமரத்தை துவஜஸ்தம்பம் என்பதும் இதனாலேயே. ஆகவே ஸ்தம்பித்தலாவது தூணாய்ப் போதல். பாறையும்தான் நகராது, அதை விட்டுத் தூணை ஏன் பிடித்தார்கள் எனின், பாறை சும்மா கிடக்கிறது, தூண் சுமையோடு நிற்கிறது. தாம்பரம் பேருந்தில் ஒரு கையில் டிபன் பையும் மறுகையில் கம்பியுமாக, முதுகில் பிறர் சாய நிற்பவரைக் கண்டோர் இவ்வுரையை மறுக்கமாட்டார்.

தமிழில் மெய்யெழுத்து மொழிமுதல் வராது. ஸ்தலம் தலமானது, அம்முறைப்படி இதுவும் ‘தம்பித்தது’ என்றே வரவேண்டும். அகராதியில் அவ்வடிவம் இருக்கவும் செய்கிறது. ஆனால் ‘கிண்டியில் போக்குவரத்து தம்பித்தது’ என்று அச்சிடும் துணிவு எந்த உதவி ஆசிரியருக்கும் வராது. போக்குவரத்துக்குத் தம்பி பிறந்ததாக எண்ணி வாசகர் வாழ்த்து அனுப்பிவிடுவார். ‘நிலைகுத்தியது’ என்று எழுதலாமே என்பர் தனித்தமிழ் அன்பர். நிலைகுத்துவது கண்ணுக்கு உரியது. கண் நிலைகுத்தினால் ஊருக்குச் சொல்லி அனுப்புவதே வழக்கம், மாற்றுப்பாதையில் திருப்பிவிடுவது அன்று.

இச்சொல்லின் பழைய வாழ்வு மாந்திரீகத்தில். வசியம், மோகனம், உச்சாடனம் என்று போகும் அட்டகர்மங்களுள் தம்பனமும் ஒன்று. அறுபத்துநான்கு கலைகளின் பட்டியலிலும் அக்கினித்தம்பம், சலத்தம்பம், வாயுத்தம்பம் என்று இதன் உறவினர் கூட்டமாக உட்கார்ந்திருக்கின்றனர். நெருப்பையும் நீரையும் காற்றையும் கட்டிப்போட வித்தை வகுத்த முன்னோர், சாலைத்தம்பம் என்று ஒன்றை வகுக்கவில்லை. அதற்கு வித்தை எதற்கு, ஒரு பள்ளமும் ‘பணி நடைபெறுகிறது’ பலகையும் போதுமே என்று விட்டிருக்க வேண்டும்.

தூண் என்ற மூலப்பொருளுக்குத் திரும்பினால், கங்கை வரை சென்ற படை கொண்டுவந்த நீரால் ராஜேந்திர சோழன் அமைத்த ஏரியை, நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு வருணிக்கிறது. நீரால் தூண் எழுப்ப இயலுமா என்று மாணவர் கேட்பதுண்டு. ஐப்பசி அடைமழையில் நீர் நிரம்பி நிற்கும் சென்னை துரைசாமி சுரங்கப்பாதையைக் காட்டி விளக்கலாம்.

இவற்றினும் நம் பொருளுக்கு நெருங்கியது நாட்டிய சாஸ்திரம். உள்ளத்து உணர்ச்சி தானே உடலில் தோன்றும் சாத்விக பாவங்கள் எட்டு; அவற்றுள் முதலாவது ஸ்தம்பம். பின் வியர்த்தல், மயிர்க்கூச்செறிதல், குரல் கம்முதல், நடுங்குதல், நிறம் மாறுதல், கண்ணீர், மயக்கம். பரத முனிவர் இவற்றைத் தனித்தனியே நடிக்க வைத்தார். தொடர் விடுமுறை முடிந்து ஊரிலிருந்து சென்னைக்குத் திரும்பும் இரவில், பரனூர் சுங்கச்சாவடிக்கும் பெருங்களத்தூருக்கும் இடையில் எட்டும் வரிசை பிறழாமல் நிகழக் காணலாம். மயிர்க்கூச்செறிதல் எங்கே வந்தது என்பார்க்கு, பின்னால் நிற்கும் ஆம்னி பேருந்தின் ஏர் ஹாரன் விடை.

இனி அளவை. நாளிதழ் மரபில் மூன்று படிகள் உள. ‘வாகனங்கள் ஊர்ந்து சென்றன’ என்பது முதற்படி. ‘அணிவகுத்து நின்றன’ என்பது இரண்டாவது; அணிவகுப்பு மரியாதை ஏற்பார் எவரும் எதிரில் இல்லை என்பது ஒன்றே குறை. மூன்றாவது ஸ்தம்பிப்பு. பின்னிரண்டையும் பிரித்தறிவது எப்படி? அரசுப் பேருந்து ஓட்டுநரைக் கவனிக்க வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்வரை அணிவகுப்பே. அவர் சாவியைத் திருகி, இருக்கைக்குப் பின்னால் தொங்கும் துண்டை எடுத்து ஒரு உதறு உதறி, கழுத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்துக் கதவைத் திறந்து, டயர்மேல் கால்வைத்து இறங்குவார். நடத்துநர் உள்விளக்கைப் போட்டுச் சில்லறையை அடுக்குவார். வேர்க்கடலைப் பொட்டலக்காரர் ஜன்னலோரம் வருவார். இம்மூன்றும் கூடின் ஸ்தம்பிப்பு எனத் துணிக. கடலைக்காரர் மட்டும் வந்தால் போதாதோ எனின், போதாது. அவர் சுங்கச்சாவடியில் எப்போதும் வருபவர்.

இலக்கணப் பகுதியே இச்சொல்லின் உயிர்நிலை. இதற்குத் தன்மை இடம் கிடையாது. ‘நான் ஸ்தம்பித்தேன்’ என்று எவரும் லேட் பர்மிஷன் கேட்டதில்லை. ‘ஸ்தம்பி!’ என்ற ஏவல் மந்திரவாதிக்கு மட்டுமே உரியது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது சுத்தமான தன்வினை. போக்குவரத்து தானாக ஸ்தம்பித்தது. நடுச்சாலையில் பந்தல் போட்டவர், லாரியைக் குறுக்கே நிறுத்திவிட்டுப் பரோட்டா சாப்பிடப் போனவர், முந்தாநாள் போட்ட சாலையை இன்று தோண்டியவர் எவரும் அவ்வாக்கியத்தில் எழுவாயாக வருவதில்லை. செய்தவனைச் சொல்லாமலே முடிந்துவிடும் இவ்வடக்கத்துக்காகவே அதிகாரிகள் இதை விரும்புகின்றனர் என்பது என் துணிபு.

விதிவிலக்கு ஒன்று உண்டு: சுவரொட்டி. அதே நெரிசல், அதே கிண்டி, அதே மணி. கட்சிக்காரர் ஒட்டும்போது மட்டும் ‘தலைநகரை ஸ்தம்பிக்க வைத்த எங்கள் அண்ணனே!’ என்று பிறவினை வந்துவிடும். எழுவாய் மாலையோடும் கூப்பிய கையோடும் நிற்கும். காவல்துறை வழக்குப் பதிந்தாலோ சொல்லே மாறி, ‘பொதுமக்களுக்கு இடையூறு’ ஆகி, அண்ணன் மறைந்து ‘அடையாளம் தெரியாத சிலர்’ தோன்றுவர். ஒரே நிகழ்ச்சி தன்வினையாய், பிறவினையாய், பின் வினையே இன்றிப் போகும் இவ்விந்தை வேறு மொழியில் உண்டா என்பதை மொழியியலார் ஆராய்க.

இவ்வளவும் எழுத்து வழக்கு. ஸ்தம்பிப்பில் சிக்கியவர் ஒருவரும் இச்சொல்லைச் சொல்வதில்லை. அவர் சொல்வது ‘ஜாம்’, இல்லையேல் ‘டிராபிக்’. அங்கும் ஓர் ஆராய்ச்சிக்கு இடமுண்டு. வீட்டிலிருந்து போன் வரும். கூடுவாஞ்சேரியில் இன்ஜின் அணைந்த பேருந்துக்குள் இருப்பவர், “இதோ வந்துட்டேம்மா” என்பார். இனி நடக்கப்போவதை நடந்ததாகச் சொல்லுதல் விரைவு பற்றி வந்த காலவழுவமைதி, தொல்காப்பியரே அனுமதித்தது. அசையவே முடியாதவர் விரைவுக்கான சலுகையைக் கோரலாமா என்ற வினா எழும். அவசரம் அவருக்கு இருக்கிறது, வண்டிக்குத்தான் இல்லை, ஆகவே கோரலாம்.

“எங்க இருக்கீங்க?” என்ற அடுத்த கேள்விக்கு, “தாம்பரம் தாண்டிட்டேன்” என்று வரும் விடைக்கு மட்டும் எந்த நூலிலும் அமைதி இல்லை. அது பொய்.