கசிவுக்கும் விசா வேண்டும்

கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பாசன மாவட்டத்துக்குக் கொலராடோ ஆற்று நீரைக் கொண்டுவருவது ஆல்-அமெரிக்கன் கால்வாய். பெயரில் சொட்டிய தேசபக்தி கரையில் இல்லை. 1940-களிலிருந்தே தண்ணீர் மண்கரை வழியாக மணலில் இறங்கி, பாஸ்போர்ட் இல்லாமல் எல்லை தாண்டி, மெக்ஸிகோவின் மெக்ஸிகலி பள்ளத்தாக்குக் கிணறுகளில் ஊறிக்கொண்டிருந்தது. அங்குள்ள விவசாயிகளும் ஊற்றுக்குப் பூர்வீகம் விசாரிக்காமல் இறைத்துப் பாய்ச்சினார்கள்.

பிறகு நவீனமயம் வந்தது. பழைய கால்வாயை ஒட்டியே சுமார் 37 கி.மீ. நீளத்துக்குக் கான்கிரீட் கால்வாய். ஆண்டுக்கு 67,700 ஏக்கர் அடி மிச்சமாகும் என்று கணக்கு. கிணற்றுக்காரர்கள் தரப்பில் வழக்குப் போட்டார்கள். 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேலையை நிறுத்தி வைத்தது.

வாஷிங்டன் அசரவில்லை. அந்த டிசம்பரில் வரிச் சலுகைக்கும் மருத்துவத்துக்குமாக ஒரு சட்டம் நிறைவேறியது. ‘கால்வாய் வேலையைத் தாமதமின்றி நடத்துக’ என்ற பிரிவையும் அதற்குள்ளேயே சொருகிவிட்டார்கள். வரி, வைத்தியம், வாய்க்கால்! சட்டம் இயற்றுவதில் இவ்வளவு சிக்கனம் காட்டியவர்கள் தண்ணீரில் காட்டமாட்டார்களா? அடுத்த ஆண்டே தடை விலகியது; கான்கிரீட்டும் காய்ந்தது.

மிச்சமான நீரில் பெரும்பங்கு சான் டியேகோ வட்டாரக் குழாய்களுக்குப் போகிறது. நீர் உரிமைக்காக வெகுகாலம் போராடிய சான் லூயிஸ் ரே பழங்குடியினருக்கும் ஒரு பங்கு உண்டு, அது நியாயம்தான். மெக்ஸிகலிக்கு இந்த மிச்சத்தில் ஒரு சொட்டும் கிடையாது.