பால் பொங்கிச்சா?

சின்னம்மாவின் பொங்கல் வாழ்த்து மாசியில்தான் எங்களுக்கு வந்து சேரும். இலங்கையின் ஹட்டனில் மார்கழி பிறந்ததுமே தபாலில் போட்டுவிடுவார். கொழும்பு, சென்னை, போர்ட் பிளேர் எல்லாம் தாண்டி, நிக்கோபார் பக்கம் கப்பல் வருகிற நாளில் அது எங்கள் கட்சால் தீவில் இறங்கும். பானையும் கரும்பும் அச்சிட்ட அட்டை உப்புக் காற்றில் நமுத்துப் போயிருக்கும். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசிப்பேன். கடைசி வரி எல்லா வருஷமும் ஒன்றுதான்: "பால் பொங்கியதா அக்கா?"

தை முடிந்து எத்தனை நாள் ஆகியிருந்தாலும் அம்மா அன்றைக்கு ஒரு பிடி அரிசி போட்டு மறுபடி பொங்குவாள். கேட்டவளுக்குப் பதில் எழுத வேண்டுமே! அதனால் எங்கள் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு பொங்கல்.

ஹட்டன் தேயிலைத் தோட்டத்தின் ஒரே லயக் குடியிருப்பில் பிறந்தவர்கள் அக்கா தங்கை இருவரும். 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. அக்காவுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை. தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்தவர்களில் சிலரை 1970களில் கட்சாலின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். தேயிலைக் கொழுந்து கிள்ளிய அம்மா இங்கே பால்வெட்டுக் கத்தி பிடித்தாள்.

தேயிலைக் காட்டிலும் சரி, ரப்பர் காட்டிலும் சரி, எங்களுக்கு வயல் இருந்ததில்லை. பொங்கல் அரிசி கப்பலில்தான் வரும். விளைந்தது யாருடைய நிலத்திலோ. ஆனாலும் சூரியனுக்கு நன்றி சொல்லாமல் எங்கள் தை பிறந்ததில்லை. தேங்காய்க்கு மட்டும் குறைவில்லை. அம்மா தேங்காய்ப் பாலிலேயே பொங்குவாள். முதல் கிண்ணம் எங்களுக்குப் பழக்கமான ஒரு நிக்கோபாரி வீட்டுக்குப் போகும். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் கொடுத்தனுப்பிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பாள்.

2004 கிறிஸ்துமஸுக்கு அந்த நிக்கோபாரி வீட்டார் அழைத்ததால் அவர்களுடைய கடற்கரைக் கிராமத்துக்குப் போன அம்மா இரவு அங்கேயே தங்கினாள். மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் நிலம் ஆடியது. பிறகு கடல் வந்தது. மேட்டில் இருந்த எங்கள் குடியிருப்பு தப்பியது. 2001 கணக்கெடுப்பில் 5,312 பேர் இருந்த தீவில் 2011இல் 2,685 பேர்தான்.

அந்தத் தையில் யாரும் பானை வைக்கவில்லை. நாங்கள் உயிரோடிருக்கிறோமா என்று ஹட்டனுக்குத் தெரியாது. இலங்கைக் கரையையும் அலை அடித்திருந்தது. சின்னம்மா மார்கழியில் போட்ட அட்டை பங்குனியில் என் கைக்கு வந்தது. கடைசி வரியை என்னால் சத்தமாக வாசிக்க முடியவில்லை.

இப்போது எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. 2020இல் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் போட்டு பக்கத்துத் தீவான கமோர்ட்டா வரை கொண்டுவந்தார்கள். சிக்னல் இருக்கும் நாளில் டொராண்டோ எனக்குப் பக்கத்து லயம். சின்னம்மாவின் மகள் வயிற்றுப் பேத்தி அங்கே இருக்கிறாள். அக்டோபர் மாதத்து இரண்டாம் திங்கட்கிழமையில் "ஹேப்பி தேங்ஸ்கிவிங் மாமா" என்று அனுப்புவாள். என்ன பண்டிகை என்று கேட்டேன். "அறுவடைக்கு நன்றி சொல்றது. நம்ம பொங்கல்தான் மாமா, குளிருக்கு முன்னாலயே வந்துடும்" என்றாள். இங்கே அது மழைக்காலம். ஆனாலும் அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம் வைக்கிறோம்.

பூப்படமும் பானைப்படமுமாக வாழ்த்துகள் குவிகின்றன என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு ஒன்றைக்கூட அழிக்க மனம் வருவதில்லை. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்குப் பேர் கூப்பிடுவார்கள் என்று அம்மா சொல்வாள். "இருக்கேன்" என்று ஒவ்வொருவராகக் குரல் கொடுப்பார்களாம். பொங்கலன்று அந்தக் குழு எனக்குப் பெரட்டுக்களம். யார் குரல் வரவில்லை என்றுதான் முதலில் பார்ப்பேன்.

புத்தாயிரத்தின் முதல் வெயிலைத் தேடி 2000 ஜனவரியில் பத்திரிகைகள் எழுதிய தீவு இது. தை மாதத்தில் சென்னைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே எங்களுக்கு விடிந்துவிடும். எங்கள் பானை பொங்கும்போது ஹட்டனில் இருட்டு. டொராண்டோவில் போகி இரவு. மாசியில் வாழ்த்து வாங்கிய வீடு இப்போது எல்லோருக்கும் முதலில் வாழ்த்துகிறது.

இந்த வருஷமும் நுரை விளிம்பைத் தாண்டியதும் படமெடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் சின்னம்மாவின் குரல் பதிவு வந்தது. பேத்தி பழக்கிவிட்டிருக்கிறாள். இருமல், சேவல் கூவல், பிறகு:

"பால் பொங்கிச்சா தம்பி?"

மைக்கை அழுத்திக்கொண்டு, "பொங்கிருச்சு சின்னம்மா" என்றேன். பொத்தானிலிருந்து விரலை உடனே எடுக்கவில்லை. பானை கொதிக்கும் சத்தமும் அவருக்குக் கேட்கட்டும் என்று அடுப்புப் பக்கம் நீட்டினேன்.