கோடம்பாக்கத்து டொக்டர்மாருக்கு

இயக்குநர் ஐயாமாரே,

உடையார்கட்டிலிருந்து எழுதுகிறோம். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், விசுவமடு தாண்டினால் எங்கள் ஊர். உங்கள் அடுத்த மனநோய்ப் படத்துக்கு இந்தப் பக்கம் ஆள் தேடி வரவேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். எங்கள் ஆட்கள் தேறமாட்டார்கள். உங்கள் படத்தில் வருத்தக்காரன் ஒன்றில் கொல்லவேண்டும், இல்லாவிட்டால் சிரிப்புக் காட்டவேண்டும். எங்கள் சனத்துக்கு இரண்டும் வராது.

2004 மார்கழியில் கடல் ஏறி முல்லைத்தீவுக் கரையில் ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போனது. பிள்ளையைக் கைநழுவ விட்ட தாய்மார் நித்திரையில்லாமல் கிடந்த 2005 இல், நீங்கள் அனுப்பிவைத்த மனநல விளக்கம் இரண்டு. சந்திரமுகியில் ஒரு பொம்மையைக் கொல்லவிட்டதும் கங்காவுக்குச் சுகம். குளிசையும் இல்லை, கிளினிக்கும் இல்லை. அந்நியனில் சாதுவான அம்பி ஒருவனை எருமைகளிடம் மிதிபட விடுகிறார், இன்னொருவனை எண்ணெயில் பொரிக்கிறார். சிகிச்சை முடிந்து வெளியே வந்த பிறகு ஓடும் ரயிலிலிருந்து ஒருவனைத் தூக்கி எறிகிறார். பூரண குணம் என்றால் அதுதானாம்!

2012 இல் '3'. ராமுக்கு பைபோலார். மனைவிக்குச் சொல்லவில்லை, நண்பனும் சேர்ந்து ஒளிக்கிறான், கடைசியில் தற்கொலை. ஒழுங்காக மருந்து குடித்து, பிள்ளை குட்டியோடு கிழவராகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களை வைத்து ஒரு இடைவேளைகூட விடமுடியாதாக்கும்.

இதெல்லாம் ஊர்ப் பொதுக் கணக்கு. எங்கள் தனிக் கணக்கு தெனாலி.

1991 இல் வந்த 'வட் எபௌட் பொப்?' என்ற ஹொலிவுட் படத்தின் சாயலில் 2000 ஆம் ஆண்டு எடுத்தீர்கள். அந்த அமெரிக்க பொப்புக்குப் பயப்படப் பெரிய காரணம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. தமிழில் எடுக்க உங்களுக்குக் காரணம் வேண்டியிருந்தது. பார்த்தால், கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. யாருடையது என்று கேளாமல் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். தெனாலியாக வரும் கமல்ஹாசன் வாயில் எங்கள் பேச்சு, உடம்பெல்லாம் நடுக்கம், தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. தனக்கு நடந்த கொடுமையை அவர் சொல்லும் இடத்தில் மட்டும் கண் துடைக்கக் கொஞ்ச நேரம் கொடுத்தீர்கள். பிறகு அவருக்கு வைத்தியம் பார்க்கும் டொக்டரின் பொறாமை, ஜோதிகாவோடு காதல். முடிவில் அந்த மனநல டொக்டரே ஆளைக் கொல்ல வெடிகுண்டு கட்டுகிறார். அதையும் சிகிச்சை என்று தெனாலி நம்புவதுதான் பகிடி.

அந்தச் சிகிச்சை எங்களுக்கும் கிடைத்தது, ஐயாமாரே. 2009 தையில் இலங்கை அரசாங்கம் அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்துக்குள் உடையார்கட்டும் இருந்தது. நம்பித்தான் சனம் வந்து குவிந்தது. இங்கே இயங்கிய ஆஸ்பத்திரியிலும் ஷெல் விழுந்தது. அந்தக் காட்சிக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

அதே வருஷம் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 2011 இல் வந்தது. இடம்பெயர்ந்து இருந்தவர்களில் 48.5 வீதமானோருக்குப் பதகளிப்பு, 41.8 வீதமானோருக்கு மனச்சோர்வு அறிகுறிகள். இத்தனை பேரில் எவருக்கும் கங்காவைப்போல இரவில் சலங்கை கட்டி ஆட வரவில்லை, பாருங்கோ. உலை வைக்க மறந்து அடுப்படியில் குந்தியிருந்தார்கள். ட்ரக்டர் டயர் வெடித்தால் குப்புறப் படுத்தார்கள். எங்கள் ஊரில் கிளினிக் கொப்பியைப் பையின் அடியில் ஒளித்துக்கொண்டு முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுகிறார்கள். ஏன் ஒளிக்கிறார்கள்? கண்டால் பின் சீட்டுப் பெடியள் "சந்திரமுகி போறா" என்பான்கள். அந்த வசனம் உங்கள் உபயம்.

தெனாலி உழைத்த காசில் பங்கு கேட்டு நாங்கள் வரப்போவதில்லை. ஆனால் அடுத்த முறை வருத்தக்காரன் தேவைப்பட்டால் உங்கள் கரையிலேயே தேடுங்கோ. ஏர்வாடி இருக்கிறதுதானே! 2001 ஓகஸ்ட் 6 இல் அங்கே சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 மனநோயாளர்கள் தீயில் வெந்து செத்தார்கள். தெனாலி வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அதை எப்படிப் பகிடியாக எடுப்பதென்று உங்களில் ஒருவருக்கும் இன்னும் பிடிபடவில்லைப் போல.