இட்லி மாவும் மாரியோவும்

எங்கள் வீட்டில் பொருள் வாங்குவது நான், பயன்படுத்துவது மற்றவர்கள், அதற்காகத் திட்டு வாங்குவது மறுபடியும் நான்.

போன தீபாவளி போனஸில் ஒரு கேம் கன்சோல் வாங்கினேன். பையனுக்கு என்பது மனைவியிடம் சொன்ன கணக்கு. கடையில் கார் பந்தயம் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். கார்க் கண்ணாடியில் மழைத்துளி வழிந்தது, வைப்பர் துடைத்தது, நான் விழுந்துவிட்டேன். அப்போது கடை வாசலில் நிஜ மழையே பெய்துகொண்டிருந்தது. அதை ஓசியில் பார்த்திருக்கலாம். கன்சோலுக்குத் தோதாக 55 அங்குல 4கே டிவியும் கூடவே வந்தது. தவணை இன்னும் பதினாலு பாக்கி.

அப்டேட் இறங்க இரண்டு ராத்திரி ஆனது. மூன்றாம் நாள் காரை எடுத்தேன். முதல் வளைவிலேயே சுவரில் மோதினேன். அன்று மட்டும் முப்பது தடவை. சுவரில் படிந்த பாசிகூட அத்தனை தத்ரூபம். வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் அந்தப் பாசியைத்தான் காட்டினேன். பையனோ ஒரே வாரத்தில், "அழகா இருக்குப்பா, ஆனா போரடிக்குது" என்று எழுந்து போய்விட்டான்.

பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது பரணிலிருந்து என் சிறுவயது டிவி கேம் இறங்கியது. நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் விற்ற பெட்டியைப் பார்த்து யாரோ செய்த நகல். கேசட்டில் '9999 விளையாட்டுகள்' என்றிருக்கும். தேறுவது ஏழெட்டு, மிச்சமெல்லாம் அவையே வேறு பெயரில். ஒரு கன்வெர்ட்டர் வாங்கிப் புது டிவியில் மாட்டினோம். அகலத் திரையில் இழுபட்டு, மாரியோ என் உடல்வாகுக்கு வந்திருந்தார். பையன் அன்று சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை.

என் பணம் எங்கே தோற்றது என்று தெரிந்தாக வேண்டுமே! வயிற்றெரிச்சலில் வரலாறு படித்தேன். 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' மொத்தமும் 40 கிலோபைட்தான். பெரியப்பா அனுப்பும் காலை வணக்கப் படமே அதைவிடப் பெரிது. இடம் போதாததால் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். "இதுல என்ன அதிசயம்? ஒரே மாவுல முதல் நாள் இட்லி, மூணாம் நாள் ஊத்தப்பம்" என்றாள் மனைவி. 1981இல் மாரியோவை உருவாக்கிய மியாமோட்டோவுக்குக் கிடைத்த புள்ளிகளில் வாய் வரைய வழியில்லை, மீசை வைத்தார். தலைமுடி வரைவது சிரமம் என்று தொப்பி போட்டார். என் தொப்பிக்கும் காரணம் தலைமுடிதான்.

நிண்டெண்டோவில் வேலை பார்த்த குன்பெய் யோக்கோய், பழகி மலிவாகிப்போன தொழில்நுட்பத்தைப் புதுவிதமாக யோசித்துப் பயன்படுத்து என்பதையே கொள்கையாக வைத்திருந்தார். 1989இல் வந்த நிண்டெண்டோவின் கையடக்கப் பெட்டி கேம்பாய்க்கு வண்ணம் கிடையாது; நாலு பென்சில் பேட்டரியில் நெடுநேரம் ஓடும். போட்டிக்கு வந்த சேகாவின் கேம் கியர் வண்ணத்தில் பளபளத்தது. ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் விழுங்கியது. விற்பனையில் ஜெயித்தது கறுப்புவெள்ளைதான். 2006இல் வந்த நிண்டெண்டோவின் வீ (Wii) கன்சோலும் அப்படியே. படத்தின் தெளிவில் பிளேஸ்டேஷன் 3 பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் கையில் உள்ள ரிமோட்டை வீசினால் திரையில் டென்னிஸ் பந்து பறக்கும். 10 கோடிக்கு மேல் விற்றது.

எங்கள் கேசட்டில், விழும் கட்டைகளை இடைவெளியில்லாமல் அடுக்கும் டெட்ரிஸும் உண்டு. 1984இல் மாஸ்கோவில் பஜித்னோவ் அதை எழுதிய கணினிக்குப் படம் வரையவே தெரியாது; அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டம் காட்டினார். அதில் என் அம்மாவை இன்றுவரை யாரும் வென்றதில்லை. ஐம்பது வருஷம் சமையலறை அலமாரியில் டப்பா அடுக்கியவர் அல்லவா!

நேற்று மாரியோ ஆட எனக்கும் ஒரு வாய்ப்பு கிடைத்தது. முதல் காளான் பொம்மை நடந்து வந்தது. புதிதாக ஆடுகிறவர் தாண்டக் கற்றுக்கொள்ளட்டும் என்றே அதை அங்கே வைத்தார்களாம். நேராகப் போய் மோதிச் செத்தேன். சுவரில் முப்பது தடவை மோதியபோது வீட்டில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னொரு தடவை" என்று கையை நீட்டினேன்.

"வரிசையில வாடா" என்றார் அம்மா.